ஜாவாவில் பல அடுக்கு வலைச் செயலி: அடுக்கை எங்கே வெட்டுவது, டிரான்சாக்ஷனை எங்கே தொடங்குவது?

#1 · புதுக்கிளை

வணக்கம். கோர் ஜாவா, ஜேடிபிசி, சர்வ்லெட் மூன்றும் தெரியும். அடுத்து செய்ய வேண்டியது ஒரு கல்லூரிக் கட்டண வசூல் செயலி. சுமார் 6,000 மாணவர்கள், கட்டணத் தலைப்புகள், ஆன்லைன் பேமென்ட், ரசீது. கடைசித் தேதியன்று எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வருவார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் என்று முடிவாகிவிட்டது.

எதன்மேல் கட்டுவது: ஸ்பிரிங் பூட்டா, ஜகார்த்தா இஇயா? கன்ட்ரோலர் (ரெக்வெஸ்ட்டை வாங்குவது), சர்வீஸ் (வேலை விதிகள்), ரெப்போசிட்டரி (டேபிளைப் படிப்பது, எழுதுவது), டிடிஓ (டேட்டாவைச் சுமக்கும் கிளாஸ்), மேப்பர் (ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது) என்று டுடோரியலுக்கு டுடோரியல் அடுக்குகளின் எண்ணிக்கை மாறுகிறது. உண்மையில் எத்தனை வேண்டும்? இன்னொன்று: இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் பாதி கம்பைலே ஆவதில்லை. ஏன்?

#2 · பழையசர்வர்

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதற்கு வரலாறு தெரிந்தால் போதும். இன்றைய ஜகார்த்தா இஇயின் மூதாதையான ஜே2இஇ 1.2, 1999 டிசம்பரில் வந்தது. 2006-இல் ஜாவா இஇ 5 என்று பெயர் மாறியது. எக்ஸ்எம்எல் குவியல் குறைந்து அனோட்டேஷன்கள் வந்ததும் அப்போதுதான். 2017-இல் ஆரக்கிள் இதை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது, மறு ஆண்டே ஜகார்த்தா இஇ ஆனது. ஆனால் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ்களைப் புதிதாக வளர்த்தெடுக்கும் உரிமை அதோடு வரவில்லை. அதனால் 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா இஇ 9-இல் எல்லாப் பேக்கேஜ்களும் 'ஜகார்த்தா' என்று தொடங்கும்படி மாறின.

உங்கள் சிக்கலின் வேர் இந்த ஒரு மாற்றம்தான். சர்வ்லெட்டை ஓட்டும் சர்வரான டாம்கேட்டில், 9 பழைய பெயரைத்தான் அறியும். டாம்கேட் 10 புதிய பெயரை மட்டுமே அறியும். ஸ்பிரிங் பூட் 2.7 வரை பழையது. 2022 நவம்பரில் வந்த 3.0 முதல் புதியது, அதற்கு ஜாவா 17-ஆவது வேண்டும். பழைய பெயரில் அனோட்டேஷன் போட்ட சர்வ்லெட்டை டாம்கேட் 10-இல் வைத்தால் பெரும்பாலும் எர்ரர்கூட வராது. சர்வர் அதை சர்வ்லெட் என்றே எண்ணாது, பிரவுசரில் 404 மட்டும் வரும். பழைய வார் ஃபைலை (செயலியின் பொட்டலம்) வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ என்ற ஃபோல்டரில் போட்டால் டாம்கேட் 10 அதுவாகவே மாற்றிக்கொள்ளும். ஆனால் அது தற்காலிக வழி.

உதாரணக் கோடை மாற்றும்போது ஃபைண்ட்-ரீப்ளேஸில் எல்லா ஜாவாஎக்ஸையும் மாற்றிவிடாதீர்கள். சர்வ்லெட், பெர்சிஸ்டன்ஸ், வேலிடேஷன், டிரான்சாக்ஷன் ஆகியவை மாறும். ஜாவாஎக்ஸ் எஸ்க்யூஎல், நேமிங் இரண்டும் ஜேடிகேயின் சொத்து, மாறாது. டிரான்சாக்ஷனுக்குள்ளேயே இருக்கும் எக்ஸ்ஏ பேக்கேஜும் மாறாது. பாதிப் பேர் வழுக்குவது அங்கேதான்.

#3 · நூல்குளம்

ஸ்பிரிங் பூட்டா ஜகார்த்தா இஇயா என்பதில் நேரத்தைக் கொட்டாதீங்க. ஆள் கிடைப்பது, உதாரணங்கள் கிடைப்பது இரண்டிலும் ஸ்பிரிங் பூட் முந்தி. அலுவலகத்தில் ஏற்கனவே வைல்ட்ஃபிளையோ பயாராவோ ஓடுதுன்னா ஜகார்த்தா எடுங்க. அடியில் இரண்டிலும் சர்வ்லெட்டும், ஆப்ஜெக்ட்டை டேபிளோடு இணைக்கும் ஜேபிஏவும்தான்.

அடுக்குக்கு வர்றேன். இரண்டு வேறு விஷயத்தை ஒரே சொல்லால் சொல்றாங்க. ஒன்று இயந்திர அளவில்: பிரவுசர், முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், ஜாவா சர்வர், டேட்டாபேஸ். நடுவில் நெட்வொர்க் இருக்கு, தாமதம் இருக்கு, அறுந்துபோகவும் வாய்ப்பு இருக்கு. இன்னொன்று கோடுக்குள்: கன்ட்ரோலர், சர்வீஸ், ரெப்போசிட்டரி. இவை ஒரே ஜேவிஎம்முக்குள் சாதாரண மெத்தட் அழைப்பு, செலவே இல்லை. பழைய ஜே2இஇ காலத்தில் வெப் ஒரு இயந்திரம், வேலை விதிகள் இருக்கும் இஜேபி ஒரு இயந்திரம்னு பிரிச்சு, ஒவ்வொரு கெட்டருக்கும் நெட்வொர்க்கில் போய் வந்து நொந்தாங்க. டிடிஓ பிறந்ததே அந்தப் போக்குவரத்தைக் குறைக்கத்தான். உங்க செயலிக்கு ஒரே வார் அல்லது ஜார் போதும், மைக்ரோசர்வீஸ் பேச்சே வேண்டாம்.

கோடுக்குள் மூன்று அடுக்கு போதும். ஆனா ஃபோல்டர் பெயரைப் பார்த்துப் பிரிக்காதீங்க. ஒரே கேள்வி கேளுங்க: டேட்டாபேஸ் கனெக்ஷன் யார் கையில், எப்போதிலிருந்து எப்போது வரை? டிரான்சாக்ஷன் (முழுசா நடக்கணும், இல்லைன்னா ஒன்றுமே நடக்கக் கூடாதுன்னு கட்டிய வேலைத்தொகுப்பு) தொடங்கி முடியும் இடம் சர்வீஸ். அதுக்கு மேலே இருப்பவர் ஹெச்டிடிபி மட்டும் பார்க்கணும். கீழே இருப்பவர் எஸ்க்யூஎல் மட்டும் பார்க்கணும், கமிட் செய்யக் கூடாது.

#4 · குறுக்குக்கேள்வி

ஒப்புக்கொள்ள மாட்டேன். பத்து சர்வீஸ் கிளாஸ் எடுத்துப் பார்த்தால் எட்டில் ஒரே வரி: ரெப்போசிட்டரியைக் கூப்பிட்டு வந்ததைத் திருப்பிக் கொடு. அதற்கு ஒரு இன்டர்ஃபேஸ், 'இம்ப்ல்' என்று முடியும் ஒரு கிளாஸ், ஒரு மேப்பர். டேபிளில் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்க்க ஏழு ஃபைல் திறக்க வேண்டியிருக்கிறது. வெறும் பட்டியல் காட்டும் பக்கத்துக்குக் கன்ட்ரோலர் நேராக ரெப்போசிட்டரியைக் கூப்பிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

#5 · நூல்குளம்

படிக்க மட்டும் செய்யும் பக்கத்துக்கு ஒன்றும் முழுகாது. கூப்பிடுங்க. ஒரே ஒரு இம்ப்ல் இருக்கும் இன்டர்ஃபேஸும் வெட்டி வேலை. கிளாஸுக்கே பிராக்சி (அழைப்பை நடுவில் பிடிக்கும் மாற்று ஆப்ஜெக்ட்) போட ஸ்பிரிங்குக்குத் தெரியும். நான் விட்டுக்கொடுக்காதது எழுதும் பாதையில்தான்: இரண்டு டேபிளைத் தொடும் எந்த வேலையும் ஒரே சர்வீஸ் மெத்தடுக்குள் இருக்கணும். கன்ட்ரோலரில் இரண்டு ரெப்போசிட்டரியின் சேவ் மெத்தடை அடுத்தடுத்துக் கூப்பிட்டா அவை இரண்டு தனித்தனி டிரான்சாக்ஷன். முதலாவது கமிட் ஆகி இரண்டாவது விழுந்தா, பணம் வந்திருக்கும், ரசீது இருக்காது.

டிடிஓவும் அப்படித்தான். உள்ளே வருவதற்குக் கட்டாயம். என்டிட்டியையே (டேபிளோட ஜாவா பிரதி) ஃபார்மோடு கட்டினா, ரெக்வெஸ்ட்டில் 'கட்டியாச்சு' ஃபீல்டைச் சேர்த்து அனுப்பும் மாணவன் கட்டணமே இல்லாமல் தப்பிச்சிடுவான். வெளியே போறதுக்கு ஜாவா ரெக்கார்ட் ஒன்று போதும், மேப்பர் லைப்ரரி தேவையில்லை.

#6 · புதுக்கிளை

நன்றி. பேமென்ட் மெத்தட் இப்படி யோசித்திருக்கிறேன், சரியா? சர்வீஸில் ஒரே மெத்தட், மேலே டிரான்சாக்ஷனல் அனோட்டேஷன். மாணவரின் கட்டண வரிசையை (டேபிளின் ஒரு ரோ) ஃபார் அப்டேட் போட்டு லாக் செய்வது, பேமென்ட் கேட்வேயைக் கூப்பிடுவது, பதில் சரியென்றால் ரசீது சேர்ப்பது, இல்லையென்றால் எக்ஸப்ஷன் எறிவது. எல்லாம் ஒரே டிரான்சாக்ஷன், அதனால் பாதுகாப்பு என்று நினைத்தேன்.

#7 · தரவுக்காவல்

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பிரிங் பூட்டோடு வரும் ஹிகாரி பூலின் (திறந்து வைத்த கனெக்ஷன்களின் தொகுப்பு) இயல்பான அளவு 10 கனெக்ஷன். ஒரு டிரான்சாக்ஷன் 50 மில்லிசெகண்ட் எடுத்தால் நொடிக்கு 200 வேலை முடியும். அதே டிரான்சாக்ஷனுக்குள் 2 நொடி எடுக்கும் கேட்வே அழைப்பை வைத்தால் நொடிக்கு ஐந்தைத் தாண்டாது. கடைசித் தேதியில் கேட்வேயே திணறி 10 நொடி எடுத்தால் நொடிக்கு ஒன்று. டேட்டாபேஸ் சிபியு 3 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்கும், செயலி செத்துக்கிடக்கும்.

சாவது எப்படி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், லாகில் பார்த்ததும் பிடிபடும். கனெக்ஷன் கிடைக்காத ரெக்வெஸ்ட் 30 நொடி காத்திருந்து, 'கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள்' என்று விழும். அந்த 30 நொடியும் ஒரு டாம்கேட் திரெட் பிடிபட்டிருக்கிறது. திரெட்டின் இயல்பான உச்சம் 200. அவை தீர்ந்ததும் டேட்டாபேஸே தொடாத பக்கங்களும் நின்றுவிடும். ஹெல்த் செக்கும் அதே வரிசையில்தான் நிற்கும், பதில் வராது. லோட் பேலன்சர் அந்த சர்வரை வெளியே தள்ளும், சுமை முழுவதும் அடுத்த சர்வருக்குப் போய் அதுவும் விழும்.

பூலை 200 ஆக்கினால் தீருமா என்றால் தீராது. போஸ்ட்கிரஸின் மேக்ஸ் கனெக்ஷன்ஸ் இயல்பாக 100, அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கீடு. நான்கு சர்வர், தலைக்கு 20 என்றால் 80, சரி. பழையதை நிறுத்தாமல் புதிய பதிப்பை ஏற்றும் நேரத்தில் ஐந்தாவது சர்வர் எழுந்தால் 100, ஒதுக்கீடு போக 97தான் இருக்கிறது. புதிய பதிப்பின் பூல் நிரம்பாது, 'ரிமெய்னிங் கனெக்ஷன் ஸ்லாட்ஸ் ஆர் ரிசர்வ்டு' என்று போஸ்ட்கிரஸ் மறுக்கும். கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் டேட்டாபேஸ் இயந்திரத்தின் கோர் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கனெக்ஷன்தான் உண்மையில் ஒரே நேரத்தில் உழைக்க முடியும். பூலைப் பெரிதாக்குவதைவிடக் கனெக்ஷனைச் சீக்கிரம் திருப்பிக் கொடுப்பதே வழி.

#8 · நூல்குளம்

அதனால் பேமென்ட்டை மூன்றாக வெட்டுங்க.

முதல் சிறு டிரான்சாக்ஷன்: பேமென்ட் டேபிளில் உங்க சொந்த ஆர்டர் எண்ணோடு ஒரு வரிசை, நிலை 'தொடங்கியது'. கமிட். ஆர்டர் எண்ணுக்கு டேட்டாபேஸிலேயே யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட். ஜாவாவில் 'ஏற்கனவே இருக்கா' என்று பார்ப்பது போதாது, இரண்டு ரெக்வெஸ்ட் ஒரே கணத்தில் பார்த்தா இரண்டுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும்.

இரண்டாவது, டிரான்சாக்ஷனே இல்லாமல் கேட்வே அழைப்பு. கனெக்ட் டைம்அவுட் 2 நொடி, ரீட் டைம்அவுட் 10 நொடி வைங்க. ஜாவாவின் ஹெச்டிடிபி யூஆர்எல் கனெக்ஷனில் டைம்அவுட் சொல்லாவிட்டால் முடிவே இல்லாமல் காத்திருக்கும்.

மூன்றாவது டிரான்சாக்ஷனில்தான் நிலைமாற்றமும் ரசீதும். இங்கே படித்துவிட்டு எழுதாதீங்க. 'நிலை தொடங்கியது என்று இருந்தால் மட்டும் முடிந்தது ஆக்கு' என ஒரே அப்டேட், எத்தனை வரிசை மாறியதுன்னு பாருங்க. 1 வந்தா ரசீது போடுங்க. 0 வந்தா வேறொருவர் முடிச்சாச்சு, ஒன்றும் செய்யாமல் ஹெச்டிடிபி 200 திருப்புங்க. கேட்வே அனுப்பும் கால்பேக் ஒரே பேமென்ட்டுக்கு இரண்டு மூன்று முறை வரலாம், மாணவர் திரும்பி வரும் பக்கத்துக்கு முன்னாலேயும் வரலாம். கையொப்பத்தைச் சரிபார்த்தபின் எல்லா வழியும் இந்த ஒரே மெத்தடுக்கு வரட்டும்.

டைம்அவுட் ஆனதைத் 'தோல்வி' என்று குறிக்காதீங்க! பணம் போயிருக்கலாம். 15 நிமிடத்துக்கு மேல் 'தொடங்கியது' என்றே கிடக்கும் வரிசைகளை எடுத்துக் கேட்வேயிடம் நிலை கேட்கும் ஒரு ஜாப், 5 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டு சர்வர் இருந்தா இரண்டிலும் ஜாப் ஓடும் என்பதை மறந்துடாதீங்க. ஒரே வரிசையை இருவரும் கேட்டாலும் மூன்றாவது படி ரசீதை இரட்டிக்க விடாது; வேலையும் இரட்டிக்க வேண்டாம்னா, ஸ்கிப் லாக்டு (மற்றவர் பிடித்த வரிசையைத் தாண்டுவது) சேர்த்த ஃபார் அப்டேட்டில் வரிசைகளை 'சரிபார்ப்பில்' என்று குறித்து, கமிட் செய்துவிட்டு, அதன்பிறகு கேட்வேயைக் கூப்பிடுங்க. மேலே சொன்ன அப்டேட் அந்த நிலையையும் ஏத்துக்கணும். கேட்வேயிடம் முடிவு வரலைன்னா, ஜாப்பே வரிசையை மீண்டும் 'தொடங்கியது' ஆக்கணும்.

#9 · தரவுக்காவல்

இவ்வளவும் செய்து ஓப்பன் இன் வியூ அமைப்பை அப்படியே விட்டால் பலன் இல்லை. ஸ்பிரிங் பூட்டில் அது இயல்பாகவே ஆன். ஸ்டார்ட் ஆகும்போது லாகில் ஒரு வார்னிங் வரும், யாரும் படிப்பதில்லை. ஆன் என்றால் ரெக்வெஸ்ட் தொடங்கி முடியும்வரை ஒரே ஹைபர்னேட் (ஜேபிஏவை நிறைவேற்றும் லைப்ரரி) செஷன். முதல் குவெரிக்கு எடுத்த கனெக்ஷன், டிரான்சாக்ஷன் கமிட் ஆன பின்னும் பூலுக்குத் திரும்பாமல் அந்த செஷனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது படி இரண்டில் கேட்வேக்காகக் காத்திருக்கும்போதும் கனெக்ஷன் உங்கள் கையில்தான். முதல் நாளே ஃபால்ஸ் போடுங்கள். போட்டதும் லேசி இனிஷியலைசேஷன் எக்ஸப்ஷன் பத்து இடத்தில் வெடிக்கும்; அந்தப் பத்தும் டிரான்சாக்ஷனுக்கு வெளியே டேட்டா தேடிய இடங்கள், ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியவை. ஈகர் (தொடர்புள்ளதையும் உடனே எடுப்பது) ஆக்கி வாயை அடைக்காதீர்கள்.

#10 · குறுக்குக்கேள்வி

ஓப்பன் இன் வியூ விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் டிரான்சாக்ஷனல் அனோட்டேஷனை நம்பி நிற்பவர்கள் அதன் குணத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

அது பிராக்சி. வெளியிலிருந்து வரும் அழைப்பைத்தான் பிடிக்கும். நூல்குளம் மேலே சொன்ன மூன்று படிகளையும் புதுக்கிளை ஒரே கிளாஸில் மூன்று மெத்தடாக வைத்து, நான்காவது மெத்தடிலிருந்து கூப்பிட்டால் அனோட்டேஷன் எதுவும் வேலை செய்யாது. எர்ரரும் வராது. தனித்தனி ரெப்போசிட்டரி அழைப்பாகக் கமிட் ஆகிப்போகும். டிரான்சாக்ஷன் மெத்தட்கள் வேறு பீனில் (ஸ்பிரிங் நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) இருக்க வேண்டும், அல்லது டிரான்சாக்ஷன் டெம்ப்ளேட் வைத்துக் கையால் எல்லை குறிக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எல்லை கண்ணுக்குத் தெரிகிறது.

ரோல்பேக் விதி இன்னும் மோசம். ரன்டைம் எக்ஸப்ஷனுக்கும் எர்ரருக்கும் மட்டுமே ரோல்பேக். செக்டு எக்ஸப்ஷன் எறிந்தால் கமிட் ஆகும்! இஜேபியிலிருந்து வந்த வழக்கம். புதுக்கிளையின் 'இல்லையென்றால் எக்ஸப்ஷன் எறிவது' எந்த வகை என்று சொல்லவில்லை, அதில்தான் ஆபத்து. உங்கள் சொந்த எக்ஸப்ஷன்கள் எல்லாம் ரன்டைம் எக்ஸப்ஷனிலிருந்து வரட்டும்.

தனி டிரான்சாக்ஷன் தொடங்கச் சொல்லும் ரெக்வயர்ஸ் நியூ பற்றியும் ஒரு வரி. ஆடிட் லாக் எழுத எல்லாரும் அதைப் போடுவார்கள். வெளி டிரான்சாக்ஷன் ஒரு கனெக்ஷனைப் பிடித்தபடியே உள்ளே இரண்டாவது கேட்கும். பூலில் 10 இருந்து, 10 திரெட்டும் முதலாவதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதுக்கு நின்றால் யாருக்கும் கிடைக்காது, 30 நொடியில் எல்லாம் விழும். சுமை குறைவாக இருக்கும் டெஸ்ட் சர்வரில் இது ஒருநாளும் தெரியாது.

#11 · தரவுக்காவல்

அதோடு போஸ்ட்கிரஸின் குணம் ஒன்று. டிரான்சாக்ஷனுக்குள் ஒரு ஸ்டேட்மென்ட் எர்ரர் ஆனால் மொத்த டிரான்சாக்ஷனும் பாழ். அதன்பின் வரும் எல்லாவற்றுக்கும் 'கரன்ட் டிரான்சாக்ஷன் இஸ் அபார்டட்' என்பதே பதில். யூனிக் மீறலை மெத்தடுக்குள்ளேயே கேட்ச் செய்து 'பரவாயில்லை, மேலே போகலாம்' என்று எழுத முடியாது. கேட்ச் டிரான்சாக்ஷனுக்கு வெளியே இருக்க வேண்டும்.

ரசீது எண்ணையும் யாரும் கேட்கவில்லை, தணிக்கைக்காரர் கேட்பார். சீக்வென்ஸ் வைத்தால் எண்கள் விடுபடும். ரோல்பேக் ஆனாலும் எடுத்த எண் திரும்பாது. ஹைபர்னேட்டின் அலொகேஷன் சைஸ் 50 என்பதால் சர்வர் ரீஸ்டார்ட் ஆகும்போதும் ஒரு கொத்து போகும். உள்ளே பிரைமரி கீக்கு அது நல்லது, 50 என்பதை டேட்டாபேஸ் சீக்வென்ஸின் இன்க்ரிமென்ட்டோடு பொருத்திவையுங்கள். ஐடென்டிட்டி வேண்டாம், அதில் ஹைபர்னேட்டால் இன்சர்ட்டுகளைத் தொகுத்து அனுப்ப முடியாது. அச்சாகும் ரசீது எண்ணுக்குத் தனி கவுன்ட்டர் டேபிள், நிதியாண்டுக்கு ஒரு வரிசை, அதே டிரான்சாக்ஷனில் ஒன்று கூட்டி எடுப்பது. அந்த வரிசை லாக் ஆகும், எல்லா ரசீதும் அதில் வரிசைகட்டும். அதனால் அந்த அப்டேட்டை டிரான்சாக்ஷனின் கடைசி வேலையாக வையுங்கள்.

தொகைக்கு டபுள் வேண்டாம், பிக்டெசிமல். ஒப்பிட ஈக்வல்ஸ் பயன்படுத்தினால் 500.0-வும் 500.00-வும் வேறு என்று சொல்லும், கம்பேர்-டு மெத்தடைப் பயன்படுத்துங்கள்.

#12 · புதுக்கிளை

மாணவர் பட்டியல் பக்கம் இப்போதே மெதுவாக இருக்கிறது. 50 பேர் காட்ட லாகில் நிறைய செலக்ட் ஓடுகிறது.

#13 · பழையசர்வர்

ஜேபிஏவில் மெனி டு ஒன், ஒன் டு ஒன் இரண்டும் இயல்பாக ஈகர். ஜேபிகியூஎல் குவெரி மாணவர்களை எடுத்த பிறகு, ஒவ்வொருவரின் துறை, பிரிவு, பெற்றோர் பதிவு என்று தனித்தனி செலக்ட் போகும். 50 பேருக்கு 50 வேறு பெற்றோர் என்றால் அதற்கு மட்டும் 50 செலக்ட். எல்லா உறவையும் லேசி (கேட்டால்தான் எடுப்பது) ஆக்கிவிட்டு, தேவைப்படும் குவெரியில் மட்டும் ஜாயின் ஃபெட்ச் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒரு மாணவருக்குப் பல கட்டணங்கள் போன்ற பட்டியலை ஜாயின் ஃபெட்ச் செய்து அதோடு பேஜிங்கும் வைத்தால், ஹைபர்னேட் 6,000 பேரையும் மெமரிக்கு இழுத்து அங்கே 50-ஐ வெட்டிக் கொடுக்கும். பட்டியல் பக்கத்துக்கு என்டிட்டியே வேண்டாம், வேண்டிய ஐந்து காலத்தை மட்டும் ரெக்கார்டுக்கு எடுப்பது போதும்.

ஸ்கீமாவை ஹைபர்னேட் மாற்றும்படி விடாதீர்கள். ஸ்கீமா மாற்றங்களை ஃபைல்களாக ஓட்டும் ஃபிளைவே வைத்து, ஹைபர்னேட்டை வேலிடேட் மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஒருமுறை ஓடிய மைக்ரேஷன் ஃபைலில் கை வைத்தால் செக்சம் பொருந்தாமல் செயலி எழவே எழாது. டெஸ்ட்டை மெமரியில் ஓடும் ஹெச்2 டேட்டாபேஸில் ஓட்டுவதும் வீண், லாக் நடத்தை போஸ்ட்கிரஸ் போல இருக்காது. டெஸ்ட்கன்டெய்னர்ஸில் நிஜ போஸ்ட்கிரஸே எழுப்பலாம்.

#14 · வாசற்காவல்

சர்வர் ஏற்றும் பக்கம் யாரும் வரவில்லையே.

என்ஜின்எக்ஸ் முன்னால் இருந்தால் ஃபைல் அளவு இயல்பாக 1 எம்பி. மாணவர் புகைப்படம் 413 என்று திரும்பும். அதை உயர்த்தியபின் ஸ்பிரிங்கின் 1 எம்பி தடுக்கும். இரண்டையும் உயர்த்த வேண்டும். ஹெச்டிடிபிஎஸ் என்ஜின்எக்ஸில் முடிந்தால், ஃபார்வர்டட் புரோட்டோ ஹெடரை அனுப்பி, ஸ்பிரிங்கில் ஃபார்வர்டு ஹெடர்ஸ் ஸ்ட்ராட்டஜியையும் வையுங்கள். இல்லாவிட்டால் ரீடைரக்ட் எல்லாம் ஹெச்டிடிபி முகவரிக்குப் போகும்.

இரண்டு சர்வர் வைத்தால் லாகின் ஒரு கிளிக்கில் இருக்கும், அடுத்த கிளிக்கில் போகும், ஏனென்றால் செஷன் ஒரு ஜேவிஎம்மின் மெமரியில் இருக்கிறது. ஸ்டிக்கி செஷன் போட்டால் சரியாகும், ஆனால் டிப்ளாய் செய்யும்போது அந்த சர்வரில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே. உங்கள் அளவுக்கு ஸ்பிரிங் செஷனை ஜேடிபிசியில் வைத்தாலே போதும், ரெடிஸ் கட்டாயமில்லை. செஷனில் மாணவர் ஐடியும் ரோலும் மட்டும், என்டிட்டியை வைக்காதீர்கள்.

கன்டெய்னரில் ஓட்டினால் ஜேவிஎம் இயல்பாக மெமரியில் கால் பங்கைத்தான் ஹீப்புக்கு (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரி) எடுக்கும். 2 ஜிபி கொடுத்தால் 512 எம்பி. மேக்ஸ் ராம் பர்சன்டேஜை 70 பக்கம் வையுங்கள். 95 வைத்தால் திரெட் ஸ்டாக், மெட்டாஸ்பேஸ் எல்லாம் ஹீப்புக்கு வெளியே என்பதால் கர்னல் கொன்றுவிடும், ஜாவா லாகில் ஒரு வரிகூட இருக்காது.

#15 · புதுக்கிளை

ஜாவா 21-இன் வர்ச்சுவல் திரெட் போட்டால் 200 திரெட் சிக்கல் போய்விடுமா?

#16 · நூல்குளம்

திரெட் தீருவது போகும். கனெக்ஷன் அதே 10தான். முன்பு 200 பேர் வரிசையில் நின்னாங்க, இப்போ 5,000 பேர் நிற்பாங்க, எல்லாரும் 30 நொடி கழித்து ஒன்றாக விழுவாங்க. கேட்வேக்காகக் காத்திருக்கும் படி இரண்டில் நல்ல பலன் தரும், ஏன்னா அங்கே கனெக்ஷன் கையில் இல்லை. ஜாவா 21-இல் சிங்க்ரனைஸ்டு பிளாக்குக்குள் காத்திருந்தால் அடியில் இருக்கும் நிஜ திரெட்டும் மாட்டிக்கும். ஜாவா 24-இல்தான் அது சரியாச்சு. அதனால் பழைய டிரைவர் ஏதாவது இருந்தா பதிப்பைப் பாருங்க.

போடுவதற்கு முன்னால் ஹிகாரியின் கனெக்ஷன் டைம்அவுட்டை 30-இலிருந்து 3 நொடிக்கு இறக்கி, லீக் டிடெக்ஷனை 5 நொடி வைத்து, ஜேமீட்டரில் 300 பேரை ஏவிப் பாருங்க. கேட்வேக்குப் பதில் 8 நொடி தாமதிக்கும் ஒரு போலி சர்வர் வைங்க. லீக் டிடெக்ஷன் எந்த மெத்தட் கனெக்ஷனைப் பிடிச்சு வச்சிருக்குன்னு ஸ்டாக் டிரேஸோடு காட்டும். அந்த டிரேஸை இங்கே போடுங்க, அடுத்து என்னன்னு பார்க்கலாம்.